வெளிச்சுவரில் ஒரு சுவிட்ச்

தாயில்பட்டியைத் தாண்டி வெம்பக்கோட்டை போகிற சாலையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தேவாசீர்வாதத்தின் வீட்டு முற்றத்தில் நிற்கிற வண்டிக்கு ‘எட்டுத் திக்கு’ என்று பெயர். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துக்கொண்டு போகிற வீடு அது. உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், ஒற்றை அடுப்பு, மடக்கு மேசை, சின்ன மின்விசிறி எல்லாம் உண்டு. பணிக்கொடை வந்த கையோடு கோயம்புத்தூரில் சொல்லிச் செய்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தது. வந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. இதுவரை அது ஒரு திக்கிலும் போனதில்லை.

போகக்கூடாது என்றில்லை. வந்த மறுநாளே யாரோ ஒருவரிடம் பெரிய கார் ஒன்றை இரவல் வாங்கி, வண்டியைக் கோத்து, மாலை போட்டு, ஜெபம் பண்ணி, வெள்ளோட்டம் பார்த்தார். கார் வாசலைத் தாண்டியது, வண்டி தாண்டவில்லை. பின்னால் வருவது காரின் தடத்தில் வராமல் திருப்பத்தின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கேட் தூண் ஒன்று சாய்ந்தது. மடியில் தலையணையோடு காரில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி இசபெல், தலையணையோடேயே இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள். முப்பது வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள். எந்தக் கேஸ் தேறும், எது தேறாது என்று பார்த்ததும் தெரியும்.

வண்டியைத் தள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். பாளையங்கோட்டைக்குத் தெரியாது.

பாளையங்கோட்டையில்தான் அவருடைய சம்பந்தி, மருமகள் ஜாஸ்பினின் அப்பா சாம்சுந்தர் இருந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஐந்தரைக்கு வசனம் போடுபவர். ஒரு மழை நாளில் தேவாசீர்வாதம் வண்டிக்குள் உட்கார்ந்து அந்தக் குழுவுக்கு எழுதினார்: “எட்டுத் திக்கில் அமர்ந்து எழுதுகிறேன். வெளியே மழை. கையில் தேநீர்.” ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உடனே சாம்சுந்தர் கேட்டார்: “ஊட்டியா சம்பந்தி?”

முப்பத்து நான்கு வருடம் பொய் சொன்ன மாணவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர், ஒரு கும்பிடு படத்தை அனுப்பினார். கும்பிட்டால் ஆம் என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. அடுத்த வாரம் குழுவே கேட்டது, அடுத்த மடல் எங்கே என்று. அப்புறம் நிற்குமா? குடகு, ஹம்பி, கோவா, மைசூர் என்று நாற்பத்தொரு மடல்கள் ஆகிவிட்டன. காலை டிபன் முடித்து மடிக்கணினியோடு அவர் முற்றத்தில் இறங்கும்போது இசபெல் கேட்பாள்: “இன்னைக்கு எந்த ஊரு? மத்தியானச் சோத்துக்குத் திரும்பிருவீகளா?”

இப்போது சாம்சுந்தர் வருகிறார். சனிக்கிழமை சாயங்காலம். “வண்டியைப் பார்த்தே ஆகணும் சம்பந்தி. ரோட்டுல போற மாதிரி எல்லா லைட்டையும் எரியவிட்டு ஒரு போட்டோ எடுக்கணும்” என்று போனில் சொன்னார். சிக்கல் அங்கேதான் இருந்தது. வண்டியின் ஓரங்களில் மஞ்சளும் சிவப்புமாக ஓடுகிற சின்ன விளக்குகளுக்கு, ரன்னிங் லைட் என்பார்கள், கரண்ட் முன்னால் இழுக்கிற காரிலிருந்து வரவேண்டும். தேவாசீர்வாதத்தின் சின்னக் காரில் வண்டியைக் கோக்கக் கொக்கியும் கிடையாது, விளக்குக்குப் பிளக்கும் கிடையாது. விளக்கு எரியவில்லை என்றால் காரில் மாட்டுங்கள் என்பார். மாட்ட முடியாது என்றால் இத்தனை நாள் எப்படிப் போனீர்கள் என்பார். அதற்கப்புறம் குழுவில் தலை காட்ட முடியாது. மகன் வீட்டிலும் முடியாது. நின்ற இடத்திலேயே விளக்கு எரிந்துவிட்டால் ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஒரு சுவிட்ச்சில் மானம் இருந்தது.

வியாழக்கிழமை முத்துப்பாண்டியைக் கூப்பிட்டார். பட்டாசுக் கம்பெனி ஒன்றில் இருபது வருடமாக வயரிங் வேலை பார்க்கிறவர். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, காரில் மாட்டுவதற்காக முன்பக்கம் தொங்கிய ஏழு பின் பிளக்கைப் பிரித்துப் பார்த்து, எழுந்து உட்கார்ந்தார்.

“கட்டிலுக்கு அடியில ஃபேனுக்கு ஒரு பேட்டரி கெடக்குல்ல சார். அதுலருந்து ஒரு ஃபியூஸ் போட்டு இழுத்தா எரியும். ஆனா நேரா கோத்துறக் கூடாது. நாளைக்கு நீங்க காருல மாட்டுனா ரெண்டு கரண்டும் முட்டிக்கிரும். ஒரு பக்கம் தட்டுனா காரு, மறுபக்கம் தட்டுனா பேட்டரி, நடுவுல ஆஃப். அந்த மாதிரி சுவிட்சாப் போடுவோம்.”

“நாளைக்கு நீங்க காருல மாட்டுனா” என்பதைத் தேவாசீர்வாதம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். “முத்துப்பாண்டி, ஒளி என்பது வெறும் ஒளி அல்ல. பயணியின் அடையாளம்.”

“சரிங்க சார். அடையாளத்துக்கு எத்தனை ஆம்ப்பியர்னு பார்த்துக்கிடுதேன்.”

தேவாசீர்வாதம் ஒரு கல்யாணத்துக்காக விருதுநகர் போய்விட்டு மாலையில் திரும்பினார். வேலை முடிந்திருந்தது. கட்டிலோரம் வைக்க அவர் சொல்லியிருந்த சுவிட்ச், வண்டியின் வெளிப்பக்கம், கதவுக்கு மூன்றடி தள்ளி, மூடி போட்ட பெட்டிக்குள் இருந்தது. கதவருகே கையெட்டும் உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு. அதிலிருந்து ஒரு கம்பி இறங்கி மண்ணுக்குள் போனது. பக்கத்தில் இரண்டு சிவப்பு வாளி நிறைய மணல்.

“என்னப்பா இது? படுத்துக்கிட்டே தட்டணும்னு சொன்னேனே!”

முத்துப்பாண்டி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “ரூமுக்குள்ள சுவிட்சா? சார், தட்டும்போது உள்ள ஒரு பொறி வரும். கண்ணுக்குத் தெரியாது. இருவது வருசத்துல ஒரு ரூமுக்குள்ளகூட நான் சுவிட்ச் வச்சதில்ல.”

“இது ரூம் இல்லப்பா. இதுல வெடிமருந்து இல்ல. மெத்தைதான் இருக்கு.”

“மெத்தையும் பஞ்சுதான சார்.”

“அந்தச் செம்பு எதுக்கு?”

“உடம்புல கரண்ட் இருக்கும்ல. தொட்டுட்டு ஏறுனா இறங்கிரும். காசு வேணாம், கெடந்த தகடுதான்.”

பட்டாசு வேலை பார்க்கிற இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கை அப்படித்தான் போகும். மருந்து அறையில் விளக்கே வைக்க மாட்டார்கள். வைத்தே தீரவேண்டிய இடத்தில் சுவிட்ச் சுவருக்கு வெளியேதான். முத்துப்பாண்டி சிந்தித்துச் செய்யவில்லை. சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரிச் செய்திருந்தார். மறுபடி துளை போட்டால் உட்பலகை பிளந்துவிடும் என்றும் சொன்னார். தேவாசீர்வாதம் பெட்டியின் மூடியைத் தூக்கிச் சுவிட்சைத் தட்டினார். வண்டியைச் சுற்றி மஞ்சளும் சிவப்பும் குப்பென்று பூத்தன. நிற்கிற வண்டி அப்போதே கிளம்பிவிட்ட மாதிரி இருந்தது. சரி, வெளியிலேயே இருந்து தொலையட்டும் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை, பக்கத்துத் தெரு இருளம்மாள் விரலில் வெட்டுக்காயத்தோடு நர்சம்மாவைத் தேடி வந்தாள். அவளும் பட்டாசுக் கம்பெனிதான். திரி வெட்டும்போது பட்டது. இசபெல் அப்போது வண்டிக்குள் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். “இங்கனயே ஏறி வா” என்றாள்.

இருளம்மாள் செருப்பைக் கழற்றினாள். செல்போனை எடுத்துத் தூரத் திண்டில் வைத்தாள். செம்புத் தகட்டில் உள்ளங்கையை ஒரு நொடி வைத்து எடுத்தாள். ஒரு காலைப் படியில் வைத்த பிறகுதான், மருந்து அறைக்குள் நுழைகிற மாதிரி நடந்துகொண்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. சுவிட்ச் பெட்டியைப் பார்த்தாள். மணல் வாளியைப் பார்த்தாள். மூடிக் கிடந்த ஜன்னல்களைப் பார்த்தாள். முற்றத்தில் நின்ற தேவாசீர்வாதத்தைப் பார்த்தாள்.

“உள்ள என்ன சார் ஓடுது?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

அவர் புன்னகைத்தார். நேராகப் பதில் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். “இப்போ சொல்ல மாட்டேன் இருளம்மா. நாளைக்கு இருட்டட்டும். ஊரே பார்க்கும்.”

இருளம்மாள் வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஏறும்வரைக்கும் மூடியிருந்தாள். பஸ் வெம்பக்கோட்டை போய்ச் சேர்வதற்குள், எச்.எம். சார் வீட்டிலேயே பட்டாசு ரூம் போட்டுவிட்டார் என்பது நாற்பது பேருக்குத் தெரிந்தது. அந்த நாற்பதில் ஒருவருக்கு, வீடுகளில் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்வதைப் பற்றித் தகவல் சொல்லும் எண் மனப்பாடமாக இருந்தது.

சனிக்கிழமை மாலை சாம்சுந்தர் வந்து இறங்கினார். தொப்பியும், பல பை வைத்த கால்சட்டையும். பயணியைப் பார்க்க வருகிறவர் பயணி மாதிரியே வந்திருந்தார். “எவாஞ்சலினும் வரணும்னுதான் நின்னா. ரெண்டு முட்டியும் போச்சு, படி இறங்க முடியல” என்று மனைவி வராததற்குக் காரணம் சொன்னார். தேவாசீர்வாதம் அவரை முற்றத்தில் நிறுத்தி, முத்துப்பாண்டியைப் பார்த்துத் தலையசைத்தார். சுவிட்சைத் தட்ட ஓர் ஆள் இருந்தால் கம்பீரமாக இருக்கும் என்று அவரை வரச்சொல்லியிருந்தார்.

விளக்குகள் எரிந்தன.

“ஆகா!” என்றார் சாம்சுந்தர். “ஹம்பிப் பாறைக்கு நடுவுல இது நின்னுருந்தா எப்படி இருந்திருக்கும்!”

“இருந்தது” என்று சொல்ல வாயெடுத்தார் தேவாசீர்வாதம். அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் வருவாய் ஆய்வாளர் சரவணக்குமார். கூட ஒரு போலீஸ்காரர். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கிற சீசன். காலையிலிருந்து இது ஏழாவது வீடு என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. யாரிடமும் பேசாமல் வண்டியை ஒரு சுற்று வந்தார். பெட்டியைத் திறந்து மூடினார். செம்பைத் தட்டிப் பார்த்தார்.

“சார், இதுக்குள்ள என்ன தயாரிக்கிறீங்க?”

“தயாரிப்பா? இது பயண ஊர்தி ஐயா!”

“பதினாறு வருசமா இந்தச் சுத்துவட்டாரத்துல ரூம் பார்க்கிறேன் சார். சுவிட்ச் வெளிய, செம்பு வாசல்ல, மணல் பக்கத்துல. தரையில கட்டினா என்ன, சக்கரம் வச்சுக் கட்டினா என்ன?”

உள்ளே ஏறிப் பார்த்தார். மெத்தையைத் தூக்கினார், அடுப்பை முகர்ந்தார். ஒன்றும் இல்லை. “இன்னைக்கு இல்ல” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். “நேத்து இருந்திருக்கலாம்.”

சாம்சுந்தருக்குப் பொறுக்கவில்லை. சம்பந்தியின் கௌரவம் தன் கௌரவம் அல்லவா. தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். “சார், நீங்க யாரை என்ன கேட்கிறீங்க? இந்த வண்டி ஊர்ல நிக்கிற வண்டியா? இந்தாங்க, படிங்க.” போனை நீட்டினார். “முப்பத்து மூணாம் மடல், கோவா. முப்பத்தெட்டு, ஹம்பி. போன மாசம் முழுக்க மைசூர், பெங்களூர். தேதியோட இருக்கு!”

சரவணக்குமார் போனை வாங்கினார். முதன்முறையாக அவர் முகத்தில் களைப்பு குறைந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து ஒவ்வொரு தேதியாக எழுதத் தொடங்கினார். அவர் எழுத எழுத, தேவாசீர்வாதம் நோட்டை எட்டிப் பார்த்தார். நாற்பத்தொரு மடலையும் இவ்வளவு சிரத்தையாக இதுவரை யாரும் படித்ததில்லை.

“ஆகஸ்டு, செப்டம்பர், எல்லாம் சீசன் மாசம்” என்றார் சரவணக்குமார். “இங்கன செய்யறது, அங்கன லோடு இறக்குறது. டூரிஸ்ட் வண்டின்னு எந்தச் செக்போஸ்ட்லயும் திறந்து பார்க்க மாட்டான். நல்ல யோசனைதான்.” பிறகு பெட்டியருகே நின்றவரைப் பார்த்தார். “இந்த வயரிங் நீயா? எந்தக் கம்பெனி?”

முத்துப்பாண்டி சொன்னார்.

“லைசென்ஸ் கம்பெனி வேலை தெரிஞ்ச ஆளு. அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்க. ஜீப்ல ஏறு. ஆபீஸ்ல வந்து எழுதிக் குடு.”

“சார், வண்டி லைட்டுக்குத்தான் சார் போட்டேன். சாமி சத்தியமா.” முத்துப்பாண்டி ஸ்க்ரூடிரைவரை வேட்டியில் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. “இன்ஸ்பெக்‌ஷன் நோட்டுல பேர் ஏறுனா கம்பெனில மறுபடி உள்ள விட மாட்டாக சார். சீசனு. பிள்ளைக்கு இந்த மாசந்தான்...” என்று நிறுத்திக்கொண்டார்.

தேவாசீர்வாதம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். யோசித்துப் பார்த்தால் வண்டியில் ஒன்றும் சிக்கவில்லை. முத்துப்பாண்டியை நாளைக்கு விட்டுவிடுவார்கள். சும்மா இருந்தால் போதும். கோவா கோவாவாகவே இருக்கும். இப்படி ஒரு நல்ல யோசனை மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முத்துப்பாண்டி ஜீப்பை நோக்கி நடக்கத் தொடங்கினார். போகிற போக்கில், பழக்கதோஷத்தில், சுவிட்சை அணைத்துவிட்டு நடந்தார். பேட்டரி வீணாகக் கூடாதாம்.

“ஐயா, ஒரு சிறு விளக்கம்” என்றார் தேவாசீர்வாதம். “பயணம் என்ற சொல்லை நாம் எவ்வாறு வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்து...”

“நேராச் சொல்லுங்க” என்றாள் இசபெல்.

அவர் மூச்சை இழுத்து விட்டார். “இந்த வண்டி எங்கேயும் போனதில்ல.”

சாம்சுந்தர் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்தார்.

“சாத்தூருக்குக்கூடப் போனதில்ல. அந்த மரத்தடியிலேயே இருக்கு. உள்ள உட்கார்ந்து, இன்டர்நெட்டைப் பார்த்து எழுதுனேன். நாப்பத்தொண்ணும்.”

வெம்பக்கோட்டைப் பக்கம் போகிற மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது.

“அது நீங்க சொல்றது சார்” என்றார் சரவணக்குமார். “ஜீப்பைக் கண்டதும் எல்லாரும் ஒண்ணு சொல்வாங்க.”

ஜீப்பருகே நின்ற முத்துப்பாண்டி அங்கிருந்தே சொன்னார்: “டயரைத் தொட்டுப் பாருங்க சார். நான் வியாழக்கெழம பூரா அடியில கெடந்தேன்.”

சரவணக்குமார் குனிந்து டார்ச் அடித்தார். புது டயர் அச்சிலிருந்து வரும்போது அதன்மேல் முடி முடியாகச் சின்ன ரப்பர் நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். நாலு நாள் ரோட்டில் ஓடினால் தேய்ந்து போய்விடும். அந்த டயரில் அவை, தாடி மழிக்காத கன்னம் மாதிரி, ஒன்று விடாமல் இருந்தன. அவர் விரலால் தடவிப் பார்த்தார். மறுபக்கம் போய் அந்த டயரையும் தடவிப் பார்த்தார். போலீஸ்காரரைக் கூப்பிட்டு அவரையும் தடவச் சொன்னார்.

பிறகு நோட்டில் எழுதிய தேதிகளை எல்லாம் நிதானமாக ஒரு கோடு போட்டு அடித்தார்.

“நாப்பத்தோரு ஊரு” என்றார். “டயருக்கே தெரியாமப் போயிட்டு வந்திருக்கீங்க சார்.” முத்துப்பாண்டியைப் பார்த்துப் போ என்று கையசைத்தார். “அந்தச் செம்பை மொதல்ல கழட்டு. இல்லேன்னா வாரம் ஒரு தடவை நான் வரணும்.”

ஜீப் போய்விட்டது. இசபெல் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சாம்சுந்தர் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தொப்பி இல்லாமல் அவர் வெறும் பாளையங்கோட்டைக்காரராகத் தெரிந்தார்.

“கோபமா இருக்கா சம்பந்தி?” என்று கேட்டார் தேவாசீர்வாதம்.

“எனக்கென்ன கோபம். நான் மடலை முழுசாப் படிச்சதே இல்ல. ரொம்ப நீளம்.” சாம்சுந்தர் முழங்காலைத் தடவிக்கொண்டார். “எவாஞ்சலின்தான். மடல் வந்ததும் சத்தமா வாசிக்கச் சொல்லி ஜாஸ்பினுக்குப் போன் போடுவா. மேப்பை விரிச்சு வச்சுக்கிட்டுக் கேட்பா. எங்கெங்க போனீங்களோ அங்கெல்லாம் பேனாவுல புள்ளி வச்சிருக்கா. அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல?”

தேவாசீர்வாதம் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“உள்ளதைச் சொல்லுங்க” என்றார்.

“நான் சொல்ல மாட்டேன். புள்ளி வைக்க வச்சது நீங்க. நீங்க வந்து சொல்லுங்க.”

“வரேன். திங்கக்கிழமையே வரேன்.”

“எதுல வருவீங்க?” சாம்சுந்தர் இதைக் கிண்டலாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்பது தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு அவருடைய சம்பந்தி வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னார்.

“பஸ்ல.”

செம்புத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்த முத்துப்பாண்டி தலையைத் திருப்பினார். “விருதுநகரு சுத்திப் போயிறாதீக சார். சாத்தூர் போயி ஏறுங்க, திருநெல்வேலி வண்டி வந்துக்கிட்டே இருக்கும். காலைல ஆறரைக்கு நம்ம ஊரு வழியா ஒண்ணு சாத்தூருக்குப் போகுது. ஆனா கூட்டமாத்தான் இருக்கும், நின்னுக்கிட்டுப் போகணும்.”

“நின்னுக்கிறேன்” என்றார் தேவாசீர்வாதம்.

இசபெல் காபி டம்ளர்களை நீட்டினாள். “ரெண்டு டிக்கெட்டா எடுங்க” என்றாள். “நானும் வாரேன். சாத்தூர்ல ஏறுற பஸ்ல ஜன்னலோரம் எனக்கு.”